ஒன்றும் முளைக்காத தட்டு

என் மேசையின் இடது ஓரத்தில் ஒரு பெட்ரித் தட்டு இருக்கிறது. உள்ளங்கை அகலத்தில் கண்ணாடித் தட்டு, அதற்கு ஒரு மூடி, இரண்டும் பிரியாதபடி சுற்றிலும் மெழுகு நாடா. பூஞ்சை வளர்க்க உள்ளே ஊற்றிய அகர் கூழ் என்றைக்கோ காய்ந்து, பொரிக்காத அப்பளம் போல அடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தால் அதில் ஓர் இலையின் தடம் தெரியும். ஐந்து விரல் விரித்த நொச்சி இலை. அதைத் தவிர அந்தத் தட்டில் எதுவும் இல்லை. துறைக்குப் புதிதாக வரும் ஆசிரியர்கள் இதை ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்பார்கள். கழுவிக் கவிழ்த்தால் ஒரு வகுப்புக்கு ஆகும் என்பது அவர்கள் எண்ணம். நியாயம்தான். எதுவும் முளைக்காத தட்டை யாரும் எடுத்து வைப்பதில்லை. முளைத்ததைத்தான் நாங்கள் படம் பிடிப்போம், எண் போடுவோம், குளிர்பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவோம்.

அந்தத் தட்டைத் தந்தவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். உடன்பிறந்தவள் இல்லை. 2006இல் சிதம்பரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். நான் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து இடையில் எங்கும் நிற்காமல் படித்துக்கொண்டே வந்தவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அப்போதும் இப்போதும். அவள் கல்யாணமாகி, படிப்பை நடுவில் விட்டு, மறுபடி பிடித்துக்கொண்டு வந்தவள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். கழுத்தில் தாலி, வகிட்டில் குங்குமம், கையில் இரண்டடுக்கு டிபன் பாக்ஸ். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று முதல் நாளே கேட்டேன். “போட்டு இன்ஜின் மெக்கானிக்” என்றாள். இப்போது எங்கே வேலை என்று கேட்டேன். “தெரியல” என்றாள், டிபன் பாக்ஸின் மூடியைத் திருகிக்கொண்டே. சண்டை போட்டுக்கொண்டு பிரிந்திருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

விஷயம் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தேவனாம்பட்டினம் கரையில் நின்ற ஒரு படகின் இன்ஜினைப் பார்க்க அவர் ஸ்பேனர் பையோடு போயிருந்தார். பை கிடைத்தது. சவுக்குத் தோப்பில், ஒரு மரத்தின் கிளையில் மாட்டி வைத்ததுபோல வார் சிக்கித் தொங்கியது. அவர் கிடைக்கவில்லை. பள்ளிக்கூட மைதானம், ஆஸ்பத்திரி வராந்தா, புதுச்சேரி, பரங்கிப்பேட்டை என்று எல்லா இடத்திலும் வரிசையாகக் கிடத்தியிருந்தவர்களின் முகத்தை அக்காவும் அவள் கொழுந்தனும் விலக்கி விலக்கிப் பார்த்தார்கள். எந்த முகமும் அவர் முகமாக இல்லை. பார்த்த முகங்களைப் பற்றி அவள் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. கூட்டமான பஸ்ஸில் ஏறியதும் ஒவ்வொரு இருக்கையாக அவள் கண் போய்வருவதை மட்டும் நான் பார்த்திருக்கிறேன்.

அலை வந்த அன்று உப்புத் தண்ணீர் அவர்கள் வீட்டுக் கொல்லையிலும் வந்து நின்றிருக்கிறது. வாழை, முருங்கை, எலுமிச்சை எல்லாம் வெந்ததுபோல் கருகிவிட்டன. கொசுவுக்கு ஆகும் என்று அவர் எங்கிருந்தோ ஒடித்துவந்து வேலியோரம் குத்திய நொச்சி மட்டும், இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நின்று, பிறகு கணுவுக்குக் கணு துளிர்த்தது. எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர், நாங்கள் சார் என்று சொல்பவர், ஆளுக்கொரு மூலிகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது மற்றவர்கள் நிலவேம்பு, துளசி, ஆடாதோடை என்று மூலிகைத் தோட்டத்துக்குள் நுழைந்தோம். அக்கா மறுநாள் ஈரத்துணியில் சுற்றிய நொச்சிக் கொத்தோடு வந்தாள். “எங்க வூட்டு நொச்சி. உப்புல நின்னு பொழச்சது. உள்ள இன்னா வெச்சிருக்குன்னு பாக்கணும்” என்றாள்.

உள்ளே என்ன வைத்திருக்கிறது என்பதுதான் எங்கள் ஆராய்ச்சியே. பச்சையாக, நோய்நொடி இல்லாமல் நிற்கும் செடிக்குள்ளும் பூஞ்சைகள் குடியிருக்கின்றன. இலையைக் கெடுப்பதில்லை, வெளியே தலைகாட்டுவதும் இல்லை. செல்லுக்கும் செல்லுக்கும் இடையில் நூலாக ஓடிக்கொண்டு, செடி தருவதைத் தின்றுகொண்டு, பதிலுக்குச் சில நேரம் செடியைத் தின்ன வருபவர்களை விரட்டிக்கொண்டு கிடக்கும். மூலிகையின் குணத்தில் ஒரு பங்கு இந்தக் குடித்தனக்காரர்களுடையதாக இருக்கலாம் என்று ஒரு கட்சி உண்டு. அப்படி ஒன்றை வெளியே எடுத்து, வேறொரு பயிருக்குள் குடிவைத்து, அந்தப் பயிரின் நோயைத் தடுக்க முடியுமா என்று பார்ப்பது சார் எங்களுக்குக் கொடுத்த வேலை. மருந்தடிப்பதற்குப் பதிலாக உயிரைக் கொண்டு உயிரைத் தடுப்பது.

அதற்கு முதலில் இலையின் வெளித்தோலில் ஒட்டியிருக்கும் எல்லாவற்றையும் கொன்றாக வேண்டும். ஓடுகிற தண்ணீர், ஸ்பிரிட், பிளீச்சிங் கரைசல், மறுபடி ஸ்பிரிட், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் என்று இலையை முக்கி எடுப்போம். பிறகு நறுக்கி உருளைக்கிழங்குச் சாறு கலந்த அகர் ஊற்றிய தட்டில் வைத்தால், சில நாளில் வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூல் எட்டிப் பார்க்கும். ஆனால் அது உள்ளேயிருந்து வந்ததா, தோலில் சாகாமல் தப்பியதா? இதைத் தெரிந்துகொள்ள ஒரு சின்ன வேலை இருக்கிறது. நறுக்குவதற்கு முன்னால் அந்த இலையை இன்னொரு தட்டில் லேசாக அழுத்தி எடுத்துவிட வேண்டும். அதை நாங்கள் அச்சுத் தட்டு என்போம். அச்சுத் தட்டில் எதுவும் முளைக்காவிட்டால் தோல் சுத்தம். அப்படியானால் இலைத் துண்டிலிருந்து வந்தது உள்ளேயிருந்து வந்ததுதான். அந்த வெறுந்தட்டைத் தவிர இதற்கு வேறு சாட்சி கிடையாது.

அக்காவின் நொச்சியிலிருந்து விதவிதமாக வந்தன. கறுப்பாக, சாம்பலாக, பாசிப் பச்சையாக. அவள் எண் போட்டுக்கொண்டே வந்ததில் ஏழாவதாக வந்தது வெள்ளை. பஞ்சு போல் எழும்பி, ஓரம் அலையலையாக வெட்டி, தட்டைத் திருப்பினால் அடியில் தேன் நிறம். மூடியைத் திறந்தால் பச்சரிசி ஊறிய தண்ணீரின் வாசனை வரும். முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது ஆய்வுக்கூட விதி. எல்லோரும் முகர்வோம். ஏழுக்கு ஒரு குறை இருந்தது. அது வித்து விடவில்லை. பூஞ்சையின் பெயரை அதன் வித்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அன்றைக்கு எங்கள் வசதிக்கு அவ்வளவுதான் முடியும். அக்கா வெயிலில் வைத்துப் பார்த்தாள், இருட்டில் வைத்துப் பார்த்தாள், வைக்கோலைத் தின்னக் கொடுத்தாள். ஏழு வெள்ளையாக வளர்ந்துகொண்டே இருந்தது, வித்து மட்டும் வரவில்லை. பெயரில்லாததை வைத்துக் கட்டுரை எழுத முடியாது, விட்டுவிடம்மா என்று சார் தன்மையாகத்தான் சொன்னார்.

அவள் விடவில்லை. கடலூர்ப் பக்கத்துக் கரும்பைக் கெடுக்கும் செவ்வழுகல் நோயின் பூஞ்சையை ஒரு தட்டின் ஒரு கோடியிலும் ஏழாம் எண்ணை மறு கோடியிலும் வைத்தாள். இரண்டும் நடுவை நோக்கி வளர்ந்தன. நோய்ப் பூஞ்சை பாதி வழியில் நின்றுவிட்டது. இடையில் விரல் அகலத்துக்கு ஒரு வெறும் பட்டை. எத்தனை முறை வைத்தாலும் அதே பட்டை. சார் தட்டைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “சரி, பெயர் அப்புறம் இருக்கட்டும்” என்றார். அக்கா சிரித்து நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். கீழ்வரிசையில் ஒரு பல் லேசாகத் திரும்பியிருக்கும்.

ஆய்வுக்கூடத்தில் முதுகுக்குப் பின்னால் பேச்சு இருந்தது. அவள் ஏழாம் எண் குழாய்களைக் குளிர்பெட்டியில் மற்றவற்றோடு வைக்காமல் தனியே வைக்கிறாள், வீட்டுக்குப் போகும்போது அவற்றிடம் சொல்லிக்கொண்டு போகிறாள், புருஷனே உள்ளே இருப்பதாக நினைப்பு என்றெல்லாம். எனக்கு ஆத்திரமாக வந்தது. பேசுகிறவர்கள் மேல் பாதி, இடம் கொடுக்கிறாளே என்று அவள் மேல் பாதி. ஒருநாள் சாப்பிடும்போது, “அக்கா, அது பூஞ்சை” என்றேன். அவள் ரசஞ்சாதத்தைப் பிசைந்துகொண்டே, “நான் வேற இன்னான்னு சொன்னேன்?” என்றாள். உண்மையில் அவள் எதுவுமே சொன்னதில்லை.

வீட்டில் அவளுக்கு வேறொரு நெருக்கடி இருந்தது. காரியம் செய்து முடிக்க வேண்டும் என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தார். உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் ஆள் போலக் கட்டி, வேட்டி சுற்றி, கொளுத்திக் கருமாதி செய்வது வழக்கம். அந்தத் தெருவில் காணாமல் போனவர்கள் வீட்டிலெல்லாம் செய்து முடித்துவிட்டார்கள். காரியம் முடியாத வீட்டில் கொழுந்தனுக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. மாமியார் கெட்டவர் இல்லை. “அவன் இருக்கான்னு நீ சொன்னா நான் காத்திருக்கேன். இல்லன்னா இல்லன்னாவது சொல்லு. ரெண்டுமில்லாம என்ன நிறுத்தி வெச்சிருக்கியே” என்று அழுவாராம். இதைச் சொல்லிவிட்டு அக்கா என்னிடம், “ஒரு பிளேட்ல ஒன்னும் வளரலன்னா ஒன்னும் இல்லன்னு அர்த்தமாடி? நாம வெச்ச சோறு அதுக்குப் புடிக்காமயும் இருக்கலாமில்ல?” என்றாள். அறிவியலாகப் பார்த்தால் அது சரியான பேச்சு. தான் படித்த படிப்பையே கதவுக்கு முட்டுக்கொடுத்து அவள் மூடவிடாமல் வைத்திருந்தாள்.

வயலில் பார்த்தாக வேண்டும் என்ற கட்டம் வந்தபோது நான் என் தாய்மாமாவைப் பிடித்தேன். மேல்பட்டாம்பாக்கத்தில் அவருக்குக் கரும்பு. செவ்வழுகலில் ஒரு பருவம் தோற்றவர், ஆகையால் அரைக் காணி கேட்டதும் கொடுத்தார். மாசி மாதம் ஒரு சாயங்காலம், ஏழாம் எண்ணை வளர்த்த கரைசலைப் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றி, நடுவதற்காக வெட்டிய கரும்புத் துண்டுகளில், அதாவது கரணைகளில், பாதியை அதில் ஊறப்போட்டு எடுத்து, சாக்குப் போட்டு மூடினோம். மீதிப் பாதி வெறும் தண்ணீரில் நனைத்தது, ஒப்பிடுவதற்கு. காலையில் வந்து நடுவதாகச் சொல்லிவிட்டுப் போனோம். மறுநாள் நாங்கள் வரும்போது பாதி நட்டாகிவிட்டது. மாமா ஒரு நல்ல காரியம் செய்து முடித்தவரின் முகத்தோடு வரப்பில் நின்றார்.

“வெறுமனே ஒங்க பூஞ்சைய நம்பி எறக்க மனசு வரல. நடறதுக்கு முன்னாடி நம்ம மருந்துலயும் ஒரு முக்கு முக்கிட்டேன். ரெண்டு காவலாச்சு” என்றார்.

மருந்து என்றால் பூஞ்சையைக் கொல்லும் மருந்து. இங்கே கரும்பு நடுகிற யாரும் கரணையை அதில் முக்காமல் நடமாட்டார்கள், கை பழகிப்போனது. அக்கா மெதுவாக, “எந்தப் பாதிய முக்குனீங்க மாமா?” என்று கேட்டாள்.

“ரெண்டையுந்தாம்மா. புள்ளைங்க ஆராய்ச்சி, ஓரவஞ்சனை பண்ணலாமா?”

நான் கத்தினேன். மாமா என்று பார்க்கவில்லை. வளர்த்ததையெல்லாம் ஒரு முக்கில் கொன்றுவிட்டீர்களே என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அக்கா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள், “விடுடி. அவுரு ஜாஸ்தியாத்தான் பாதுகாத்துட்டாரு” என்றாள். பிறகு எழுந்து, மீதிக் கரணைகளைத் தன் கையாலேயே கரும்புப் பாரின் பள்ளத்தில் வரிசையாகப் படுக்கவைத்து மண்ணைத் தள்ளினாள். சோதனை செத்துப்போனது தெரிந்தும் எதற்காக அவ்வளவு கவனம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கரும்பு ஆளுயரம் வந்த பிறகு இரண்டு பாதியிலும் நோய் இல்லை. ஒப்பிட எதுவும் இல்லாததால் அது வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. மாமா எல்லாம் தன் மருந்தின் மகிமை என்று ஊரில் சொல்லிக்கொண்டார். அக்கா ஒரு வழக்கத்துக்காக இரு பாதியிலிருந்தும் கரும்பு வெட்டி வந்தாள். ஸ்பிரிட்டில் துடைத்து, தீயில் காட்டி, தோலை அச்சுத் தட்டில் அழுத்தி எடுத்து, பிறகு பிளந்து உட்சதையைத் தட்டில் வைத்தாள். ஒரு வாரம் போயிருக்கும். நான் வளர்ப்புப் பெட்டியைத் திறந்தேன். பச்சரிசித் தண்ணீரின் வாசனை.

ஏழில் ஊறிய பாதியிலிருந்து வந்த கரும்பில் மட்டும், எல்லாத் துண்டிலும் இல்லை, சிலவற்றில், வெள்ளையாக ஓரம் அலையடித்துக்கொண்டு ஏழு வந்திருந்தது. மருந்து படுவதற்கு முன்பே, அந்த ஒரு ராத்திரியில், கணுவின் முளை வழியாகக் கொஞ்சம் உள்ளே போயிருக்க வேண்டும். பிறகு அத்தனை மாதம் கரும்போடு கரும்பாக வளர்ந்திருக்கிறது. அக்காவைக் கூப்பிட்டேன். அவள் ஏழாம் எண்ணைப் பார்க்கவே இல்லை. முதலில் அச்சுத் தட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது துடைத்துவிட்டதுபோல் இருந்தது. அதை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே ஆய்வுக்கூடத்துப் பேச்சு நினைவுக்கு வந்ததையும் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவள் பட்டம் வாங்கினாள். ஏழாம் எண்ணுக்கு ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. நான் கடலூரில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அவள் ஆய்வுக்கூடத்திலேயே ஏதோ ஒரு திட்டத்தில் தொடர்ந்தாள், ஏழாம் எண்ணைக் காப்பாற்றத்தான் என்று எனக்குத் தெரியும். செடியைப் பிரிந்த பூஞ்சையைக் குழாய்க்குக் குழாய் மாற்றி நட்டுக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது சோர்ந்துவிடும். ஏழும் சோர்ந்தது. நோய்ப் பூஞ்சைக்கு முன்னால் அது விடுகிற வெறும் பட்டை ஒவ்வொரு தடவையும் ஒடுங்கியது. தாய்ச்செடியிலிருந்து புதிதாக எடுத்தால் தெளியும் என்று கொல்லை நொச்சியை அக்கா பருவத்துக்குப் பருவம் வெட்டி வைத்துப் பார்த்தாள். மற்ற எல்லாம் வந்தன. ஏழு மறுபடி அந்தச் செடியிலிருந்து வரவேயில்லை.

2011 முடிகிற நேரத்தில் புயல் கடலூரில் கரை ஏறியது. எங்கள் பக்கத்தில் அதைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முந்திரியும் பலாவும் வேரோடு போயின, மின்கம்பங்கள் முறிந்து கிடந்தன, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அலைக்குத் தப்பிய நொச்சி காற்றுக்குத் தப்பவில்லை, வேர் மேலாகச் சாய்ந்துவிட்டது. சிதம்பரத்தில் குளிர்பெட்டி நின்றுபோய், மூடி வைத்த குழாய்களில் சிற்றுண்ணி ஏறி, எல்லாவற்றிலும் பச்சைப் பூசணம் மண்டிவிட்டது. அக்கா ஒவ்வொரு குழாயாக எடுத்துப் பார்த்துவிட்டு என் கல்லூரிக்கு வந்தாள். “ஏழு போயிடுச்சு” என்றாள். பிறகு, “ஒங்க மாமா கொல்லையில இருக்கும். கூட்டினு போ” என்றாள்.

மாமாவின் வயலில் அதே வேரில் தழைத்த கட்டைக் கரும்பு. அறுத்தறுத்து விட்டது, மறுபடி மறுபடி வந்தது. புயல் அதைப் பாய் விரித்ததுபோல் படுக்கவைத்திருந்தது. மாமா நொந்துபோய் இருந்தார். ஆனாலும் எங்களைக் கண்டதும் கத்தியை எடுத்துக்கொண்டு, பழைய பாதி எது என்று வரப்பை வைத்து அடையாளம் சொல்லி, அவரே இறங்கி வெட்டித் தந்தார். அன்றைக்குத் தான் செய்தது என்ன என்று இடைப்பட்ட காலத்தில் யாரோ அவருக்கு விளங்கச் சொல்லியிருக்கிறார்கள். “இந்தத் தடவ நான் எதையும் தொடலம்மா” என்று அக்காவிடம் சொன்னார். அவள், “நீங்க தொட்டதாலதான் மாமா அது உள்ள ஒளிஞ்சுது” என்றாள். அவரைத் தேற்றச் சொன்னாளா, நம்பித்தான் சொன்னாளா, எனக்குத் தெரியாது.

என் கல்லூரியில் தட்டுகளை வைத்தோம். தினமும் மத்தியானம் அவள் வந்து பார்ப்பாள். அச்சுத் தட்டுகள் சுத்தமாக இருந்தன. கரும்புத் துண்டுகளிலிருந்து கறுப்பும் பச்சையுமாக யார்யாரோ வந்தார்கள். கடைசி பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகும் நிறுத்தத்தில் நிற்கிறவளைப் போல அவள் அந்தப் பெட்டியின் முன்னால் நிற்பாள். ஒருநாள் தானே கதவைச் சாத்தினாள். “போதும்டி. எல்லாத்தையும் கழுவிடு” என்றாள். அன்று அவள் குரலில் அழுகை இல்லை. அழுகை இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அந்த மாதமே காரியத்துக்கு நாள் குறிக்கச் சொன்னாள். 2012, மாசியில், முதுநகர்க் கடற்கரையில். கொழுந்தன் கொள்ளி வைப்பதற்காக நின்றான். காரியம் செய்விக்க வந்தவர் தர்ப்பைக் கட்டை எடுத்தபோது அக்கா ஒரு சாக்கைக் கொண்டுவந்து அவர் முன்னால் பிரித்தாள். சாய்ந்த நொச்சியைத் துண்டு துண்டாக வெட்டிக் காயவைத்திருந்தாள். இதில் கட்டுங்கள் என்றாள். தர்ப்பைதான் சாஸ்திரம் என்று அவர் தயங்கினார். மாமியார் எழுந்து நின்று, “அவ குடுக்குறத வைங்க சாமி. அவ புருஷன் அவன்” என்றார். நொச்சிக் குச்சிகளால் ஆள் கட்டினார்கள். வீட்டுச் சுவர் ஆணியில் அத்தனை வருடம் தொங்கிய அவருடைய நீலச் சட்டையை அவள் அதற்குப் போட்டு, பித்தானையும் போட்டுவிட்டாள். காய்ந்த நொச்சி மளமளவென்று பிடித்தது. புகை கடல் பக்கம் போகாமல் ஊர்ப் பக்கமாகவே வந்தது. கொசுவுக்கு மூட்டும் அதே புகை. என் புடவையில் அந்த வாசனை துவைத்த பிறகும் இருந்தது. இன்றைக்கும் யாராவது நொச்சிப் புகை போட்டால் நான் அந்தத் தெருவில் நிற்காமல் போய்விடுவேன்.

விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது அக்கா இந்தத் தட்டைக் கொண்டுவந்து தந்தாள். ஏழு வந்த அந்த முதல் இலையின் அச்சு. இத்தனை வருடம் கழுவாமல் வைத்திருந்திருக்கிறாள். “இதுல ஒன்னும் இல்ல. நீ வெச்சுக்க” என்றாள். கழுத்தில் தாலி இல்லை. நான் கழுத்தைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆனது, மாமியாரை அவள் தன்னோடு அழைத்துக்கொண்டாள். விசேஷ நாள்களில் போனில் பேசுவோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் குறும்பைச் சொல்லிச் சிரிப்பாள். ஏழாம் எண்ணைப் பற்றி இரண்டு பேரும் பேச்செடுப்பதில்லை. அவள் ஆறிவிட்டாள் என்று நான் நம்பினேன், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

போன வாரம் மாணவிகளுக்குச் செய்முறை வகுப்பு. ஆளுக்கொரு செடித் துண்டு கொண்டுவரச் சொன்னேன். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வருகிற ஒருத்தி கரும்பு கொண்டுவந்தாள். மாமா இறந்து, வயலும் கைமாறிவிட்டது. ஆனால் அவர் வயல் நன்றாக வந்த வருடங்களில் அக்கம்பக்கத்தார் அவரிடம் விதைக் கரணை வாங்கிப் போவார்கள், அவர்களிடமிருந்து இன்னும் பலர். நேற்றுக் காலை பெட்டியைத் திறந்ததும் மூக்குக்கு முதலில் தெரிந்தது. அந்தப் பெண்ணின் தட்டில் வெள்ளையாக, ஓரம் அலையலையாக. திருப்பினேன், அடியில் தேன் நிறம். கண்ணாடி ஏடு வைத்து நுண்நோக்கியில் பார்த்தேன். நூல் நூலாக ஓடுகிறது, வித்து இல்லை.

வெள்ளைப் பூஞ்சை உலகத்தில் ஆயிரம் உண்டு. இதுதான் ஏழு என்று ஒப்பிட்டுப் பார்க்க ஏழு உயிரோடு இல்லை. வாசனையைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேற்று முழுவதும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கொளுத்தி முடித்தவளை மறுபடி கரைக்குக் கூப்பிடுவது என்ன நியாயம் என்று ஒரு மனது. தெரிந்துகொண்டே சொல்லாமல் இருந்தால், அவள் மாமியார் அழுதாரே, இரண்டுமில்லாமல் நிறுத்தி வைத்திருக்கிறாயே என்று, அதையேதான் நானும் அவளுக்குச் செய்கிறேன் என்று இன்னொரு மனது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இன்று மத்தியானம் கூப்பிட்டுவிட்டேன்.

பின்னால் பிள்ளைகள் விளையாடும் இரைச்சல் கேட்டது. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். எங்கிருந்து வந்த கரும்பு, என்ன நிறம், என்ன வாசனை. இரைச்சல் தேய்ந்துகொண்டே போனது, வகுப்பறைப் பக்கமிருந்து தள்ளி எங்கோ நடக்கிறாள் என்று தெரிந்தது. பிறகு கேட்டாள்.

“அச்சு எடுத்தீங்களா?”

“எடுத்தோம்கா.”

“அதுல?”

அந்தப் பெண்ணின் அச்சுத் தட்டை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தேன். கரும்புத் தோலின் கோடுகள் மட்டும் தெரிந்தன.

“ஒன்னும் இல்லக்கா. சுத்தமா இருக்கு.”

அவள் மூச்சு விடுவது கேட்டது. “கழுவிடாத. நான் வரேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பழைய தட்டின் மேலேயே புதியதையும் அடுக்கி மேசையின் இடது ஓரத்தில் வைத்திருக்கிறேன். இரண்டிலும் ஒன்றும் இல்லை.